புதிய சம்பள மென்பொருள் வருகிறதா? பணிப்பதிவேட்டைத் திறந்து உட்காருங்கள்

பல்கலைக்கழகச் சம்பளப் பிரிவில் 29 வருஷம் இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். நான் சேர்ந்தபோது சம்பள பில்லைக் கையால்தான் எழுதினோம். அப்புறம் ஒரு ஃபாக்ஸ்புரோ நிரல் வந்தது. கடைசியாக, பணி விவரம், விடுப்பு, சம்பளம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கிற பெரிய மென்பொருள். அந்தக் கடைசி மாற்றத்தை நாங்கள் இரண்டு தடவை செய்ய வேண்டியிருந்தது. முதல் தடவை கெட்டுப்போனது. இரண்டாம் தடவை சரியாக வந்தது. இதே வேலையில் இறங்கப்போகிற தம்பி தங்கைகள் அடிக்கடி போன் செய்து கேட்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் தடவை எப்படிக் கெட்டது என்று சொல்லிவிடுகிறேன். சம்பளம் வங்கியில் விழுந்த மறுநாள் காலை, தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவர் பிரிவு வாசலில் வந்து நின்றார். கையில் பாஸ்புக். மஞ்சள் பைக்குள் மடித்து வைத்த பழைய சம்பளச் சீட்டுகள். வாங்கியிருந்த பண்டிகை முன்பணம் பத்துத் தவணையும் முந்தின மாதத்தோடு முடிந்திருந்தது. புதிய மென்பொருளில் முன்பணத்தின் முழுத் தொகையையும் ஏற்றிவிட்டோம். அது 1/10 என்று மறுபடி பிடிக்க ஆரம்பித்துவிட்டது. கூட்டுறவுச் சொசைட்டிக் கடன் பழைய நிரலிலிருந்து ஒரு தடவையும், சொசைட்டி மாதாமாதம் அனுப்பும் பட்டியலிலிருந்து இன்னொரு தடவையும் ஏறியிருந்தது. வழக்கமாக வாங்குவதில் பாதிகூட அவர் கைக்கு வரவில்லை. அவர் சத்தம் போடவில்லை. "பத்துச் சீட்டும் இருக்கும்மா, எண்ணிப் பாருங்க" என்று என் மேஜைமேல் ஒவ்வொன்றாக அடுக்கினார். நான் எண்ணினேன். பத்தும் இருந்தது.

அன்று மட்டும் அப்படி வந்தவர்கள் நாற்பது பேருக்கு மேல். அந்த மாதமே பழைய நிரலுக்குத் திரும்பினோம். ஒரு வருஷம் கழித்துத்தான் மறுபடி தொடங்கினோம். இந்தக் கட்டுரையில் இருப்பதெல்லாம் அந்த ஒரு வருஷத்தில் செய்தது.

வாங்குவதற்கு முன் பத்துப் பேரைக் கொடுங்கள்

மென்பொருள் நிறுவனத்தார் வந்து திரையில் படம் காட்டுவார்கள். அவர்கள் காட்டும் ஊழியர் எப்போதும் நேராக வேலைக்குச் சேர்ந்து, விடுப்பே எடுக்காமல், மாதம் 30 நாளும் வேலை செய்கிறவராக இருப்பார். அப்படி ஒருவர் பல்கலைக்கழகத்தில் கிடையாது. நீங்களே பத்துப் பேரைத் தேர்ந்தெடுங்கள். பெயரையும் கணக்கு எண்ணையும் அழித்துவிட்டு, அவர்களுடைய நிஜ விவரத்தைக் கொடுத்து, "இந்த மாதச் சம்பளத்தைப் போட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

யார் அந்தப் பத்துப் பேர்? பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) ஊதியத்தில் இருக்கும் உதவிப் பேராசிரியர் ஒருவர் வேண்டும். அவருக்கு ஊதிய நிலை 10, தொடக்கம் 57,700 ரூபாய். அடுத்த அறையில் இருக்கும் அலுவலக உதவியாளர் தமிழ்நாடு அரசின் ஊதிய நிலை 1, தொடக்கம் 15,700. ஒரே கட்டடத்தில் இரண்டு அட்டவணை, இரண்டு விதி. அப்புறம் தொகுப்பூதியக்காரர், தினக்கூலி, கோடை விடுமுறையில் சம்பளம் இல்லாத கௌரவ விரிவுரையாளர், வேறு நிறுவனத்தின் பணத்தில் உதவித்தொகை வாங்கும் ஆராய்ச்சி மாணவர். 365 நாள் மகப்பேறு விடுப்பில் இருக்கும் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதிச் சம்பள விடுப்பில் இருக்கிறவர், தற்காலிகப் பணிநீக்கத்தில் பிழைப்பூதியம் வாங்குகிறவர், நீதிமன்ற உத்தரவுப்படி ஜீவனாம்சம் பிடிக்கப்படுகிறவர் ஆகியோரும் இருக்கட்டும்.

இத்தனையும் முடியாது, ஒன்றை மட்டும்தான் சோதிக்க முடியும் என்றால், முன்தேதியிட்ட பதவி உயர்வைச் சோதியுங்கள். பல்கலைக்கழகச் சம்பளத்தின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது. பணி மேம்பாட்டுத் திட்டத்தில் ஒரு பேராசிரியருக்கு 2018-ல் கிடைத்திருக்க வேண்டிய உயர்வுக்கு 2023-ல் ஆணை வரும். அந்த ஐந்து வருஷ நிலுவையை மாதம் மாதமாகக் கணக்கிட வேண்டும். அந்தந்த மாதம் அமலில் இருந்த அகவிலைப்படி வீதம் வேண்டும். அது ஜனவரி, ஜூலையில் தவறாமல் ஏறுகிற விஷயம் என்று நிரல் எழுதுகிறவர்கள் நினைத்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் 2020-லும் 2021-லும் அகவிலைப்படி 17 சதவீதத்திலேயே நின்றது. 2022 ஜனவரியில்தான் 31 ஆனது. ஆகவே வீதத்தை அரசாணை எண்ணோடும் தேதியோடும் பிரிவு ஊழியரே ஏற்றும்படி இருக்க வேண்டும். ஒவ்வொரு அரசாணைக்கும் நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பணம் கட்டி மாற்ற வேண்டுமென்றால், அந்த மென்பொருள் உங்களுக்கு வேண்டாம். இதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். ஒப்பந்தம் முடிந்தால் எல்லா விவரத்தையும் நாம் திறந்து படிக்கக்கூடிய வடிவில் திருப்பித் தர வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

பணிப்பதிவேடு

வேலையில் முக்கால்வாசி இதுதான். கணினி அறையில் எதுவும் நடப்பதற்கு முன்னால் பீரோவைத் திறந்து பணிப்பதிவேடுகளை, அதாவது ஒவ்வொரு ஊழியரும் சேர்ந்த நாளிலிருந்து அவர் பணி விவரத்தை எழுதிவரும் புத்தகங்களை, வெளியே எடுக்க வேண்டும்.

நாங்கள் செய்த முறை இது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்துகொள்வோம். ஒருவர் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து வாய்விட்டுப் படிப்பார். மற்றவர் கணினியிலிருந்து எடுத்த அச்சுத் தாளில் சிவப்புப் பென்சிலால் டிக் போடுவார். கண்ணால் மட்டும் ஒப்பிட்டால் மனசு தானாகத் திருத்திக்கொண்டு போய்விடும். வாயால் படித்தால் மாட்டிக்கொள்ளும். ஒரு ஜோடி ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பதிவேட்டுக்கு மேல் பார்க்க முடியாது. 900 ஊழியர் என்றால் 75 வேலைநாள். இரண்டு ஜோடி போட்டாலும் இரண்டு மாதம் ஓடிவிடும். பதிவாளரிடம் கால அட்டவணை கொடுக்கும்போது இந்தக் கணக்கைத் துணிந்து சொல்லுங்கள்.

முதல் சிக்கல் பெயர். மென்பொருள் 'முதல் பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? தலையெழுத்துதான். பதிவேட்டில் "எஸ். செல்வி", வங்கியில் "செல்வி எஸ்", பான் அட்டையில் தலையெழுத்து விரிந்து அப்பா பெயரும் சேர்ந்து நிற்கும். எங்களிடம் செல்விகள் மட்டும் ஒன்பது பேர். பெயரை வைத்து எதையும் இணைக்கக் கூடாது, ஊழியர் எண்ணை வைத்துத்தான் இணைக்க வேண்டும். வரிக்குப் பான் அட்டையில் உள்ள பெயர், பணம் அனுப்ப வங்கியில் உள்ள பெயர், மற்ற எல்லாவற்றுக்கும் பதிவேட்டில் உள்ள பெயர் என்று மூன்றையும் தனித்தனிக் கட்டத்தில் வையுங்கள். சம்பளச் சீட்டில் அப்பா பெயர் ஊழியரின் பெயராக அச்சாகிவிடாமல் பாருங்கள். அது பார்க்கிறவர்களை உண்மையிலேயே சங்கடப்படுத்தும்.

பழைய கோப்புகள் வானவில் என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்தால் அவற்றை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஊழியர் பெயரெல்லாம் கிறுக்கலாக நிற்கும்.

அடுத்தது பிறந்த தேதி. ஆதாரிலிருந்து எடுத்துக்கொள்கிறோம் என்று நிறுவனத்தார் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓய்வு நாளைத் தீர்மானிப்பது பதிவேட்டில் இருக்கும் தேதி. மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர்களைத் தனியாக எடுத்துப் பாருங்கள். 1963 ஜூன் 2-ல் பிறந்தவர் 60 வயது முடிந்து 2023 ஜூன் 30-ல் ஓய்வு பெறுவார். ஜூன் 1-ல் பிறந்தவர் மே 31-லேயே ஓய்வு பெற்றுவிடுவார். ஒரே நாள் வித்தியாசம், ஒரு மாதச் சம்பளம். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் கணக்குப் பார்த்துப் போட்ட பிறந்த தேதிகள்தானே பாதி. அதனால் மே, ஜூன் தேதிகள் எல்லா அலுவலகத்திலும் மிகுதி. ஆசிரியர்களுக்குக் கல்வியாண்டு முடிவுவரை மறுநியமனம் உண்டு என்பதும் மென்பொருளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பணியில் சேர்ந்த தேதியோடு முற்பகலா பிற்பகலா என்பதையும் ஏற்றுங்கள். பிற்பகலில் சேர்ந்தவருக்கு மறுநாளிலிருந்துதான் சம்பளம். 2003 ஏப்ரல் 1 என்ற தேதிக்கு முன்னால் சேர்ந்தவர்கள் பொது வருங்கால வைப்பு நிதி, அன்றோ அதற்குப் பிறகோ சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத்தில் சேர்க்கப்பட்டவர்கள். இந்த எல்லையில் நிற்கிறவர்களின் நியமன ஆணையைப் பதிவேட்டோடு வைத்துப் பாருங்கள். அவர்கள் முதுமைக்கான பணம் அந்த ஒரு கட்டத்தில் இருக்கிறது. ஆசிரியரல்லாதாருக்கு ஊதிய உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கில் ஒன்றில் வரும். சம்பளமில்லா விடுப்பில் நாள் தள்ளிப் போயிருந்தால் அது பதிவேட்டில் மட்டும்தான் இருக்கும்.

சரி, பதிவேட்டிலேயே விட்டுப்போயிருந்தால்? விட்டுப்போயிருக்கும். கையெழுத்தில்லாத பதிவு, ஒட்டாத ஆணை, பத்து வருஷமாக யாரும் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதாத பக்கம். அவற்றைக் கணினியில் யூகித்து நிரப்பாதீர்கள். ஒரு நோட்டில் எழுதி, ஊழியரையே வரச்சொல்லி, பதிவேட்டை அவருக்குக் காட்டி, ஆணையின் நகல் இருந்தால் வாங்குங்கள். நாற்பது வருஷம் பழைய ஆணையை டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். தன் பதிவேட்டைத் தன் கண்ணால் அன்றுதான் முதல் தடவை பார்க்கிறேன் என்று சொன்னவர்களும் இருந்தார்கள்.

பிடித்தங்கள்

சொசைட்டி, எல்.ஐ.சி., வங்கிக் கடன், முன்பணம் ஒவ்வொன்றுக்கும் மீதித் தொகை, எத்தனையாவது தவணை, எத்தனை தவணை என்ற மூன்றும் வேண்டும். தொகையை மட்டும் ஏற்றினால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லியாயிற்று. எந்தப் பிடித்தத்துக்கு யார் பட்டியல் செல்லும் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். சொசைட்டிக்குச் சொசைட்டியின் பட்டியல் மட்டும்தான். ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் அச்சிட்டு, "இந்தப் பிடித்தங்கள் சரிதானா?" என்று தமிழில் கேட்டுக் கையெழுத்து வாங்குங்கள். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுங்கள். அரைநாள் போகும். போகட்டும். தொழில் வரி அரையாண்டுக்கு ஒரு தடவைதான் பிடிப்பது வழக்கம். அது மாதாமாதம் என்று அமைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் இரண்டையும் ஓட்டுங்கள்

பழைய முறையில் சம்பளம் கொடுத்துக்கொண்டே, புதிய மென்பொருளிலும் அதே மாதச் சம்பளத்தைப் போட்டுப் பாருங்கள். மூன்று மாதமாவது வேண்டும். அந்த மூன்றில் ஊதிய உயர்வு வருகிற ஒரு மாதமும் யாராவது ஓய்வு பெறுகிற ஒரு மாதமும் இருக்கட்டும்.

மொத்தத் தொகை ஒத்துப்போனால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். ஒருவருக்கு 500 கூடி இன்னொருவருக்கு 500 குறைந்தால் மொத்தம் ஒத்துத்தான் போகும். ஆள்வாரியாக, தலைப்புவாரியாகப் பாருங்கள். எக்செல்லில் பழையது, புதியது, வித்தியாசம், காரணம் என்று நான்கு பத்தி. காரணம் எழுதாமல் ஒரு வித்தியாசத்தையும் விடக் கூடாது, அது ஒரு ரூபாயாக இருந்தாலும். எங்களுக்கு முதல் மாதத்தில் 212 பேருக்கு ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தது. பழைய நிரல் ஒவ்வொரு படியையும் தனித்தனியாக முழு ரூபாய் ஆக்கியது, புதியது கடைசியில் ஒரே தடவை ஆக்கியது. அது தெரிந்த பிறகு 212-ம் ஒரு மணி நேரத்தில் தீர்ந்தது. முதல் மாதம் முந்நூற்றுச் சொச்சம், இரண்டாம் மாதம் 41, மூன்றாம் மாதம் 3. அந்த மூன்றுக்கும் காரணம் கையில் இருந்த பிறகுதான் நான் கையெழுத்துப் போட்டேன்.

இதில் ஒரு தர்மசங்கடம் வரும். சில இடத்தில் புதிய மென்பொருள் சரியாக இருக்கும், பழைய சம்பளம் தப்பாக இருக்கும். பல வருஷமாகக் கூடுதலாகவே கொடுத்திருப்போம். உடனே பிடித்தம் போடு என்று யாராவது சொல்வார்கள், பல்கலைக்கழகக் கணக்கைப் பார்க்கும் உள்ளாட்சி நிதித் தணிக்கையைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். பொறுங்கள். பஞ்சாப் மாநிலம் எதிர் ரஃபீக் மசீஹ் வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. மூன்றாம், நான்காம் நிலை ஊழியர்களிடமிருந்தும், ஓய்வு பெற்றவர்கள், ஒரு வருஷத்துக்குள் ஓய்வு பெறப்போகிறவர்களிடமிருந்தும், ஐந்து வருஷத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுத்துவந்த தொகையையும் இப்படித் திரும்பப் பிடிக்கக் கூடாது என்று. நிதி அலுவலரிடம் கோப்பு வைத்து, ஊழியருக்கு எழுத்தில் தெரிவித்து, பதில் வாங்கி, ஆணை வந்த பிறகு மாற்றுங்கள். மென்பொருள் மாறிய சந்தடியில் ஒருவருடைய சம்பளத்தைச் சொல்லாமல் குறைப்பது அநியாயம்.

எந்த மாதம் தொடங்குவது

அரசு வழக்கப்படி மார்ச் மாதச் சம்பளம் ஏப்ரலில்தான் கைக்கு வரும். அதனால் வருமான வரிக் கணக்கில் மார்ச் முதல் பிப்ரவரி வரையிலான சம்பளம்தான் ஒரு வருஷம். மார்ச் மாதச் சம்பளத்திலிருந்து புதிய மென்பொருளில் தொடங்கினால் வரிக் கணக்கு சுத்தமாகப் புதிதாகத் தொடங்கும். நடுவருஷத்தில் மாறினால் அதுவரை கொடுத்த சம்பளம், பிடித்த வரி, சேமிப்பு விவரம் எல்லாவற்றையும் ஆள்வாரியாக ஏற்றிச் சரிபார்க்க வேண்டும். எங்கள் முதல் தடவை செப்டம்பர். அதுவும் ஒரு தப்பு.

ஆட்கள்

கனடா அரசு 2016 பிப்ரவரியில் ஃபீனிக்ஸ் என்ற சம்பள மென்பொருளைத் தொடங்கியது. அதற்கு முன்பே, பல துறைகளில் இருந்த அனுபவமுள்ள சம்பளப் பிரிவு ஊழியர்கள் நூற்றுக்கணக்கானவர்களை வேண்டாம் என்று விடுவித்து, வேலையை ஒரே ஊருக்கு மாற்றியிருந்தார்கள். ஒரு துறையில் முன்னோட்டமாக ஓட்டிப் பார்ப்பதாக இருந்ததையும் கைவிட்டார்கள். அப்புறம் லட்சக்கணக்கான ஊழியர்களுக்குச் சம்பளம் குறைந்தும் கூடியும் வராமலும் போய், அதைச் சரிசெய்ய வருஷக்கணக்கானது. அதைப் படித்தபோது எனக்கு எங்கள் பிரிவில் ஓய்வு பெறவிருந்த உதவியாளர் ஒருவர் நினைவுக்கு வந்தார். யாருடைய ஊதிய உயர்வு ஏன் தள்ளிப் போனது என்பது அவருக்கு மனப்பாடம். அப்படிப்பட்டவரை மாற்றலில் அனுப்பிவிடாமல், பதிவேடு படிக்கும் ஜோடியில் முதல் ஆளாக உட்கார வையுங்கள். கணினி தெரியாது என்று அவரே ஒதுங்குவார். கணினி தெரிந்த இளையவரை அவர் பக்கத்தில் போடுங்கள்.

பயிற்சியை அரங்கத்தில் 300 பேரை உட்காரவைத்து நடத்தாதீர்கள். ஒவ்வொரு துறை அலுவலகத்திலும் மற்றவர்கள் சந்தேகம் கேட்கிற ஒருவர் இருப்பார். அவருக்கு அவர் நாற்காலியிலேயே கற்றுக் கொடுங்கள். பேராசிரியர்கள் விடுப்பு விண்ணப்பத்துக்குத் தங்கள் பாஸ்வேர்டை அலுவலக உதவியாளரிடம் கொடுத்துவிடுவார்கள். அதைக் கண்டிப்பாகத் தடுங்கள். அந்தப் பாஸ்வேர்டில் வங்கிக் கணக்கும் இருக்கிறது. வங்கிக் கணக்கு மாற்றம் மாதம் 15-ந் தேதிக்குப் பிறகு கிடையாது, ரத்து செய்த காசோலை இல்லாமல் கிடையாது, ஒருவர் ஏற்றி இன்னொருவர் ஒப்புதல் தராமல் கிடையாது. சம்பள விவரம் உள்ள கோப்பை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள், மென்பொருள் நிறுவனத்தாருக்கும்தான்.

அலைபேசியில் சம்பளச் சீட்டு வந்துவிடும் என்பது நல்ல வசதிதான். ஆனாலும் கடைநிலை ஊழியர்களுக்கு ஆறு மாதமாவது தமிழில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள்.

முதல் சம்பள நாள்

வங்கிக்குக் கோப்பை அனுப்புவதற்கு முன்தினம், குறைந்த சம்பளம் வாங்கும் ஐம்பது பேரை எடுத்து, கைக்கு வரும் தொகையை முந்தின மாதத்தோடு ஒப்பிடுங்கள். அவர்களில் ஒருவருக்கு ஆயிரம் ரூபாய் குறைந்தால் அது அரிசி, வாடகை. முதலில் பார்க்க வேண்டியது அவர்களைத்தான்.

தப்பு நேர்ந்தால் அன்றைக்கே பணம் கொடுக்க வழி வேண்டும். "அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறோம்" என்ற பேச்சே கூடாது. நிதி அலுவலரின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்கி, தனிக் காசோலைப் புத்தகம் ஒன்றைப் பிரிவில் தயாராக வையுங்கள். பிரிவு வாசலில் ஒரு மேஜை போட்டு, ஒரு நோட்டு, இரண்டு நாற்காலி. வருகிறவர் நின்றுகொண்டு பேசக் கூடாது. பெயர், எண், என்ன குறை, எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குத் தீர்ந்தது என்று எழுதுங்கள்.

எங்கள் இரண்டாம் தடவையில் முதல் நாள் அந்த நோட்டில் ஏழு பெயர் ஏறியது. ஐந்து பேருக்கு அன்று மாலைக்குள் தீர்ந்தது, இரண்டு பேருக்குக் காசோலை கொடுத்தோம். அந்தத் தூய்மைப் பணியாளர் அம்மாவும் வந்திருந்தார். சீட்டில் எதுவும் தப்பில்லை, சொசைட்டித் தவணை இன்னும் எத்தனை பாக்கி என்று படித்துச் சொல்லச் சொன்னார். பதினான்கு என்று சொன்னேன். சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பழைய நிரல் ஓடிய கணினியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். யாரும் திருத்த முடியாதபடி பூட்டி, பார்க்க மட்டும் வழி வைத்து, பழைய சம்பளப் பதிவேடுகளை அச்சிட்டுப் பைண்டு செய்து அலமாரியில் வையுங்கள். அடுத்த பதவி உயர்வு நிலுவைக்கும் ஓய்வூதியக் கருத்துருவுக்கும் அதைத்தான் போய்ப் புரட்டப்போகிறீர்கள்.